ஒக்கிடத் தெரிஞ்சவனுக்குத்தான் வண்டி சொந்தம்

போன மாசம் ஒரு மறுவீட்டுப் பந்தியில உக்காந்திருந்தேன். சொதியை ஊத்திட்டு இஞ்சிப் பச்சடிக்காகக் காத்திருக்கும்போது பக்கத்து இலையில இருந்த பெரியவர், நம்ம சொந்தக்காரர்தான், திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"என்னடே, வயக்காட்டைப் பாக்க நேரமில்லாம பழைய கார் இன்ஜினைப் பிரிச்சுப் போட்டு ஒக்கிட்டுக்கிட்டு இருந்தியாமே. பொழுது போகலியோ?"

எதிர் இலைக்காரர்கள் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். சாப்பாட்டு நேரத்துல சண்டை எதுக்குன்னு விட்டுட்டேன். ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கு, கொஞ்சம் நீளமான பதில். அதைத்தான் இங்க எழுதுறேன். அவர் படிக்க மாட்டார், அவர் பேரன் படிப்பான்.

முதல்ல அந்த "ஒக்கிடு" என்ற சொல்லைப் பார்ப்போம். நம்ம திருநெல்வேலிப் பக்கம் எது ஓட்டை உடைசல் ஆனாலும் ஒக்கிடத்தான் சொல்லுவோம். கலப்பையை ஒக்கிடணும், குடையை ஒக்கிடணும், ஓட்டுக்கூரையை ஒக்கிடணும். எங்க அப்பா ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்தச் சொல்லைச் சொல்லுவார். என் மகள் வாயில இதை நான் கேட்டதே இல்லை. அவளுக்குத் தெரிஞ்ச சொல் "மாத்திரலாம்". மிக்ஸி நின்னா மாத்திரலாம், போன் திரை கீறினா மாத்திரலாம். அவளைக் குறை சொல்லல. கடைக்காரன், கம்பெனிக்காரன், விளம்பரக்காரன் எல்லாரும் சேர்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒண்ணைத்தான். ஒரு சொல் வழக்கத்துல இருந்து போனா, அந்தச் சொல் செஞ்ச வேலையும் கூடவே போயிரும். எனக்குக் கவலை அங்கதான்.

இப்போ இன்ஜின் கதைக்கு வாரேன்.

எங்க வீட்டுல ஒரு அம்பாசிடர் நிக்குது. 1984 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. அப்பா ரெண்டாம் கையா வாங்கினது. அம்பாசிடர் பத்தி இளசுகளுக்காக ரெண்டு வரி: இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரோட வடிவத்தை வச்சு, 1958ல இருந்து 2014 வரைக்கும் வங்காளத்துல உத்தர்பாரா தொழிற்சாலையில செஞ்ச வண்டி. எங்க வண்டியில உள்ள இன்ஜின் 1489 சி.சி., நாலு சிலிண்டர். இங்கிலாந்துல பல கார்களுக்குப் போட்ட அதே பி.எம்.சி. இன்ஜின் குடும்பம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பானட்டைத் தூக்கினா உள்ள தரை தெரியும், அவ்வளவு இடம் இருக்கும். எங்க ஊர்ல பாதிப் பேருக்குக் கல்யாண வண்டி அதுதான். பிரசவத்துக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் அதுதான்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளைத் தாமிரபரணிக் கரையில இருக்கிற யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்சது அப்பத்தான். எங்க ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். ஆத்துத் தண்ணியும் வாய்க்கால் தண்ணியும் ஒண்ணாச் சேர்ந்து ராத்திரி தெருவுக்குள்ள வந்திருச்சு. மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டினோம், அம்மாவைத் தூக்கி மச்சுல ஏத்தினோம். காரை யாரும் நினைக்கல. ஷெட்டுக்குள்ள மார்பளவு தண்ணியில ரெண்டு நாள் கிடந்துச்சு.

தண்ணி வடிஞ்ச பிறகு எங்க தெருவுல நடந்ததைக் கவனிங்க. நாலு வீடு தள்ளி ஒரு தம்பி வச்சிருந்த கார், வாங்கி ரெண்டு வருசம் முடியல. அவசரத்துல சாவியைத் திருகிட்டான். சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணக் கூடாது. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வரும்போது தண்ணி வழிவிடாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். அவனுக்கு அதான் ஆச்சு. கம்ப்யூட்டர் பெட்டியும் வயரிங்கும் வேற நனைஞ்சிருந்துச்சு. சர்வீஸ் சென்டர்ல எஸ்டிமேட் போட்டதுல வண்டி விலையில முக்காவாசி வந்து, கடைசியில இன்சூரன்ஸ்ல மொத்த நஷ்டம்னு எழுதி வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இன்சூரன்ஸ் இருந்ததால அவன் பிழைச்சான்.

என் வண்டிக்கு ஆர்.சி. இருந்துச்சு, மத்தபடி எந்தக் காப்பும் இல்லை. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துட்டு 18,000 தாரேன்னார். வீட்டுல எல்லாரும் குடுத்திரலாம்னாங்க. நான் சரின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போ ஒரு விசயம் உறைச்சுது. அதே வெள்ளத்துல என் கிணத்து மோட்டாரும் முழுகியிருந்தது. அதை இரும்புக்குப் போடணும்னு யாருமே சொல்லலியே? கழட்டி, டவுனுக்குக் கொண்டுபோயி, காயில் சுத்தி, பேரிங் மாத்தி ஒரே வாரத்துல கொண்டாந்து மாட்டிட்டோம். மோட்டாரை ஒக்கிட்டா அது விவசாயம், கார் இன்ஜினை ஒக்கிட்டா மட்டும் பொழுதுபோகாத வேலையா? ரெண்டும் இரும்புதானே, ரெண்டும் மனுசன் செஞ்சதுதானே.

பிசானம் அந்த வருசம் பாதி மண் மூடிப் போச்சு. வயல்ல மணலை வழிச்சு எடுக்கவே பங்குனி ஆயிட்டு. சித்திரையில, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம்னு இன்ஜின் வேலையை ஆரம்பிச்சேன். எனக்குத் துணை ரெண்டு பேர். ஒருத்தர் பாபநாசம் மில்லுல பிட்டரா இருந்து ஓய்வு பெற்ற மாமா. இன்னொருத்தி பதினொண்ணாம் வகுப்புக்குப் போக இருந்த என் மகள்.

பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டை வழியா மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊத்தி பத்து நாள் ஊற வச்சோம். கிராங்கு அசையல. மாட்டுக்கொட்டகை உத்திரத்துல செயின் பிளாக்கைக் கட்டி இன்ஜினைத் தூக்கி இறக்கினோம். ஹெட்டைத் திறந்தா மூணாவது, நாலாவது சிலிண்டர்ல செம்மண் வண்டல் கட்டியா நிக்குது, நம்ம வயல்ல கிடந்த அதே வண்டல். மரக்கட்டையை வச்சுத் தட்டித் தட்டித்தான் பிஸ்டனை வெளிய எடுத்தோம். ஒவ்வொரு போல்ட்டையும் எங்க இருந்து எடுத்தோமோ அந்த இடத்தைத் தாள்ல எழுதி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சது மகளோட யோசனை. அந்த யோசனை இல்லேன்னா இன்னைக்கும் பிரிச்ச இன்ஜினைச் சுத்தி உக்காந்திருப்போம்.

சிலிண்டர் சுவர் துருப்பிடிச்சு அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தது. பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் நாற்பது சைஸ் போர் அடிச்சோம். நாற்பது சைஸ்னா ஒரு அங்குலத்துல ஆயிரத்துல நாற்பது பங்கு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் இன்னைக்கும் கிடைக்குது. சென்னை புதுப்பேட்டையில சொல்லி வச்சு பார்சல்ல வாங்கினோம். இன்னொரு விசயம்: அதே பிளாக்கைப் போர் அடிச்சா இன்ஜின் நம்பர் மாறாது. வேற இன்ஜினையே தூக்கி வச்சா அதை ஆர்.சி.யில ஏத்தணும். ஒக்கிடுறதுல இப்படி ஒரு லாபமும் இருக்கு.

வால்வைச் சீட்டுல உக்கார வைக்கிற வேலை முழுக்க மகளுது. ரப்பர் கப்பு வச்ச மரக்குச்சியில வால்வை ஒட்டி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரெண்டு உள்ளங்கையிலயும் மத்தைக் கடையிற மாதிரி உருட்டணும். சுத்தி ஒரே சாம்பல் வளையம் வர்ற வரைக்கும் உருட்டணும். எட்டு வால்வு, எட்டு ராத்திரி. நாலு ஸ்ட்ரோக் படத்தை நோட்டுல வரைஞ்சு முழு மார்க் வாங்கினவ, இன்டேக் வால்வு பெருசாவும் எக்ஸாஸ்ட் வால்வு சிறுசாவும் இருக்கிறதைக் கையில பிடிச்சுப் பார்த்துட்டு, "ஏம்ப்பா இப்படி?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. மாமா சொன்னார்: "உள்ள வர்ற காத்து சும்மா உறிஞ்சுனாத்தான் வரும், அதுக்கு வாசல் பெருசா வேணும். வெளிய போற புகையைப் பிஸ்டன் நெட்டித் தள்ளும், சின்ன வாசல் போதும்." அந்தப் பதில் அவ புத்தகத்துல இல்லை.

நான் தப்பே பண்ணலன்னு நினைச்சிராதீங்க. எல்லாம் மாட்டி முடிச்சு, டெல்கோவுல பிளாட்டினம் கேப் வச்சு, 1-3-4-2 வரிசையில பிளக் வயரைக் குத்தி, ஆவணி மாசம் ஒரு ராத்திரி ஸ்டார்ட் பண்ணினோம். பத்திக்கிச்சு. தெருவே வந்து நின்னுச்சு. அஞ்சாவது நிமிசம் சைலன்சர்ல நீலப் புகை. ஆயில் எரியுது. திரும்ப ஹெட்டைக் கழட்டி பிஸ்டனை உருவினா, ரெண்டு பிஸ்டன்ல ரெண்டாவது ரிங்கைத் தலைகீழா மாட்டியிருக்கேன். அதுல மேல் பக்கம் எதுன்னு அடையாளம் போட்டிருக்கு, என் கண்ணுல படல. ஒரு கேஸ்கெட்டும் மூணு வார ராத்திரியும் தண்டம். "ஒளுங்கா மெக்கானிக்கிட்ட குடுத்திருக்கலாம்லா அண்ணாச்சி"ன்னு டீக்கடையில கேட்காத ஆள் இல்லை.

மொத்தம் பார்ட்ஸ், லேத் கூலி எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் சொச்சம். என் கூலி, மாமா கூலி கணக்குல இல்லை. லாபக் கணக்குப் பார்த்தா இதை யாரும் செய்யக் கூடாது, நான் ஒத்துக்கிடுதேன். சொதிப் பந்தியில சிரிச்சவங்க கணக்கு அவ்வளவுதான். என் கணக்கு வேற. அது புரட்டாசிக் கடைசியில தெரிஞ்சுது.

எங்க வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சு. பிசானத்துக்குத் தொழி அடிக்கிற நேரம். பக்கத்து வயல்காரர், நான் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன், கடன்ல ஒரு புது டிராக்டர் வாங்கியிருந்தார். 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ளது. அந்த அளவு டிராக்டருக்கெல்லாம் 2023 ஜனவரி 1ல இருந்து டிரெம் 4 என்ற புகை விதி வந்திருக்கு. அதனால டீசலை அளந்து விடுறது பழைய பம்பு இல்லை, கம்ப்யூட்டர். ரோட்டவேட்டரைப் போட்டு அரை வயல் அடிச்சிருப்பார், வண்டி முனகிச்சு. டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் வேகம் ஏறல. ஊர் மெக்கானிக் வந்து கால் மணி நேரத்துல காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டான்: ஆக்சிலேட்டர் பெடலுக்குப் போற வயரை எலி கடிச்சிருக்கு. வயரைச் சீவி ஒட்டுப் போட்டு டேப்பும் சுத்திட்டான். விளக்கு அணையல. வண்டி வேகம் ஏறல. கம்ப்யூட்டர்ல பதிஞ்ச பிழையை அழிக்கணும், அதுக்கு லேப்டாப்பும் அந்தக் கம்பெனி சாப்ட்வேரும் வேணும். அது டீலர்கிட்ட மட்டும்தான் இருக்கு.

டீலர் ஆள் வந்தது நாலாவது நாள். ஒட்டுப்போட்ட வயரை ஏத்துக்க மாட்டேன்னு முழு வயரிங் செட்டையும் மாத்தி 14,000க்குப் பில் போட்டாங்க. லேப்டாப்பை மாட்டி விளக்கை அணைக்க எடுத்த நேரம் ரெண்டு நிமிசம்.

இந்த நாலு நாள்ல என்ன நட்டம்னு டவுன்காரங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சி நாத்தாங்கால்ல நின்னது அம்பை 16. குறுகிய கால நெல்லு. 25 நாளைத் தாண்டி நட்டா தூர் ஒழுங்கா பிடிக்காது. வாடகைக்கு வேற டிராக்டர் தேடினா எல்லாருக்கும் அதே வாரம்தான் தொழி, எவனும் வரல. நட்டு முடிக்கும்போது நாத்துக்கு முப்பது நாள். அறுப்புல அவருக்கும் எனக்கும் ஒரே வாய்க்கால், ஒரே உரம், ஒரே மண். கண்டுமுதல்ல வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஒரு எலி கடிச்ச வயருக்கு ஒரு பூவோட விளைச்சல்ல ஒரு பங்கு போச்சு.

இப்போ கேக்கேன். அந்த டிராக்டர் யாருக்குச் சொந்தம்? ஆர்.சி. புத்தகத்துல அண்ணாச்சி பேர். கடன் தவணை அண்ணாச்சி கட்டுதார். டீசல் அண்ணாச்சி போடுதார். ஆனா அதை ஓட விடுறதும் நிறுத்துறதும் டீலர் கையில இருக்கிற லேப்டாப். எங்க தாத்தா காலத்துல குத்தகைக்காரன் உழுவான், விதைப்பான், அறுப்பான். வயல் மட்டும் அவனுது இல்லை. இப்போ எந்திரத்துக்கு நாம குத்தகைக்காரனா ஆயிட்டோம். முழு விலையும் குடுத்துட்டுக் குத்தகைக்காரனா நிக்கோம், அதுதான் கொடுமை.

இங்க என் பேச்சை மாத்திப் புரிஞ்சுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் வேண்டாம்னு நான் சொல்லல. புது இன்ஜின் டீசலை அளவா எரிக்குது, புகையைக் குறைக்குது, நல்லது. என் அம்பாசிடர்ல புகையைச் சுத்தம் பண்ற கருவி எதுவும் கிடையாது. அதனாலதான் புகைச் சான்று தவறாம எடுத்து, மாசத்துக்கு நாலஞ்சு தடவைக்கு மேல எடுக்காம வச்சிருக்கேன். எல்லாரும் பழைய வண்டிக்குத் திரும்புங்கன்னு சொன்னா அது கிறுக்குத்தனம். எனக்குச் சண்டை எலக்ட்ரானிக்ஸ்கூட இல்லை, அதுமேல போட்டிருக்கிற பூட்டுகூட. பிழையைப் படிக்கிற கருவியை விக்க மாட்டேன், மேனுவலைத் தர மாட்டேன், ஒரு சென்சார் போனா முழு செட்டையும் மாத்துன்னு சொல்றதுக்கும் புகை குறையுறதுக்கும் என்ன சம்பந்தம்? அதுல காத்து சுத்தமாகல, டீலர் கல்லாதான் நிறையுது.

இது நம்ம ஊர்ப் புலம்பல் மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல ஆயிரம் ஏக்கர் வச்சிருக்கிற விவசாயியும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கான். அங்க கொலராடோ மாநிலத்துல 2023ல சட்டம் போட்டு, விவசாய எந்திரங்களுக்கான பாகம், கருவி, சாப்ட்வேர், மேனுவல் எல்லாத்தையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் குடுத்தாகணும்னு சொல்லிட்டாங்க. 2024 ஜனவரி 1ல அது நடைமுறைக்கு வந்துச்சு. ஜான் டீர் கம்பெனிமேல ஒக்கிடும் உரிமை விசயமா 2025 ஜனவரியில அந்த நாட்டு அரசு வணிக ஆணையமே வழக்குப் போட்டுச்சு.

நம்ம நாட்டுல? 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை இதுக்கு ஒரு குழு அமைச்சது. முதல்ல கவனிக்க வேண்டிய துறைகள்னு நாலைச் சொன்னாங்க: விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம். பட்டியல்ல விவசாயக் கருவி இருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோசம். அதே வருசம் டிசம்பர் 24ல ஒரு இணையத்தளம் திறந்தாங்க. கம்பெனிகள் அதுல மேனுவல், உதிரிபாகம், வாரண்டி விவரம் போடணும்னு ஏற்பாடு. நல்ல ஆரம்பம்தான். ஆனா போட்டே ஆகணும், போடலேன்னா அபராதம்னு ஒரு சட்டம் இல்லாத வரைக்கும், இந்த ஏற்பாடு ஊர்ப் பொதுக்கிணத்துக்கு "அசுத்தம் செய்யாதீர்"ன்னு எழுதி வச்ச போர்டு மாதிரிதான்.

சரி, சட்டம் கம்பெனிக்காரன் பக்கத்துத் தப்பைத்தான் பார்க்கும். நம்ம பக்கத்துத் தப்பு ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாம விட்டா நான் யோக்கியன் இல்லை.

கையில கிரீஸ் படுறதை நாம கேவலமா நினைக்கோம். பிள்ளை ஐ.டி.ஐ.யில மோட்டார் மெக்கானிக் படிக்கான்னா, "மார்க் வரலியோ?"ன்னு கேக்கோம். பொண்ணு குடுக்க யோசிக்கோம். எங்க அக்கா மகன் அப்படித்தான் படிச்சான். கெட்டிக்காரன். இப்போ ஒரு சர்வீஸ் சென்டர்ல இருக்கான். அவன்கிட்ட கேட்டேன், "மருமவனே, ஒரு இன்ஜினை முழுசாப் பிரிச்சிருக்கியாலே?" அவன் சொன்னான்: "இல்ல மாமா. லேப்டாப் எந்தப் பார்ட்டைச் சொல்லுதோ அதைக் கழட்டி புதுசை மாட்டணும், அவ்வளவுதான். பிரிச்சு ஒக்கிட்டா நேரம் ஆவும், பில்லு ஏறாது, சூப்பர்வைசர் ஏசுவாரு." ரெண்டு வருசம் படிச்ச பிள்ளை, இருக்கிற வேலையில படிச்ச படிப்பே மறந்துபோகுது. என் இன்ஜினை ரெண்டாந் தடவை பிரிச்சப்போ லீவு போட்டு வந்து நின்னது அவன்தான். அந்த ரிங்கு தலைகீழா இருக்கிறதைக் கண்டதும் அவன்தான்.

இந்த மண்ணு எப்பவும் இப்படி இருந்ததில்லை. டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கின டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1877ல நம்ம களக்காட்டுக்குப் பக்கம் திருக்குறுங்குடியில பிறந்தவர். பஸ் ஓட்டினவர். ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் கிடைக்காம வண்டிகள் நின்னப்போ, கரியை எரிச்சு அந்த வாயுவுல இன்ஜினை ஓட்டுற கருவியை அவர் கம்பெனி செஞ்சு கொடுத்துச்சு. பெட்ரோல் இன்ஜினைத் திறந்து, அது எப்படி மூச்சு விடுதுன்னு தெரிஞ்சவனாலதான் அதைச் செய்ய முடியும். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு கதை இன்னும் பிரபலம். விவசாயி மகன். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டின மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டல்ல சப்ளையரா வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கி என்ன செஞ்சார்? பிரிச்சுப் போட்டுப் பிரிச்சுப் போட்டுப் படிச்சார். 1920ல பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையில பஸ் விட்டார். பின்னால மோட்டார் உட்பட எத்தனையோ எந்திரங்களைச் செஞ்சார். அன்னைக்கு அவர் கலங்கல் கிராமத்து ஆட்களும் "பொழுது போகலியோ"ன்னுதான் கேட்டிருப்பாங்க.

நான் நாயுடு ஆகப்போறேன்னு சொல்லல. ரெண்டு கோட்டை விதைப்பாட்டுக்காரன் நான். ஆனா ஒரு இன்ஜினை முழுசாப் பிரிச்சுச் சேர்த்தவனுக்கு அடுத்த எந்திரத்துமேல பயம் இருக்காது. ஐப்பசியில என் டீசல் பம்புசெட் இன்ஜின் கம்ப்ரசன் இல்லாம நின்னுச்சு. முன்னெல்லாம் ஆளுக்குக் காத்திருப்பேன். இந்தத் தடவை ஹெட்டைக் கழட்டி, வால்வை மகளே பேஸ்ட் போட்டு உருட்டி, மறுநாள் மத்தியானம் தண்ணி பாஞ்சுது. செலவு ஒரு கேஸ்கெட்டு. டவுன்ல என் டிராக்டருக்கு "இன்ஜின் முழுசா இறக்கணும்"னு ஒருத்தர் பயமுறுத்தினப்போ, கம்ப்ரசன் கேஜை மாட்டி அளந்து காட்டச் சொன்னேன். மூணு சிலிண்டரும் ஒரே அளவு காட்டுச்சு. கோளாறு டீசல் பில்டர். கேள்வி கேக்கத் தெரிஞ்சா ஏமாத்த யோசிப்பான். அந்த 41,000க்கு நான் வாங்கினது இதைத்தான்.

"நேரம் எங்க இருக்கு?"ன்னு கேப்பீங்க. ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும் நாம எல்லாரும் என்ன செய்யுதோம்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். செல்போனை விரலால தள்ளிக்கிட்டு இருக்கிறதுக்குப் பேர் ஓய்வாம், வால்வு உருட்டுறதுக்குப் பேர் வெட்டி வேலையாம்.

நான் கேக்கிறது மூணு. ஒண்ணு, டிராக்டரோ அறுப்பு மிஷினோ விக்கும்போது தமிழ்ல ஒக்கிடும் மேனுவலும், பிழையைப் படிச்சு அழிக்கிற கருவியும் நியாய விலையில விக்கணும்னு சட்டம் வேணும். விக்கிறதை நிறுத்தின பிறகும் பத்து பதினஞ்சு வருசத்துக்குப் பாகம் கிடைக்கணும். ரெண்டு, ஒத்தை ஆளால அந்தக் கருவியை வாங்க முடியாது. வேளாண் பொறியியல் துறை இ-வாடகைன்னு செயலி வச்சு டிராக்டர் வாடகைக்கு விடுது. அதே துறை ஒவ்வொரு வட்டாரத்துலயும் ஒரு பிழை படிக்கிற கருவியும், அதைக் கையாளத் தெரிஞ்ச ஒரு ஐ.டி.ஐ. பையனும் வச்சிருந்தா அண்ணாச்சி நாத்து முத்தியிருக்காது. தொழி அடிக்கிற மாசத்துக்காவது வைங்க. மூணாவது நம்ம கையில இருக்கு. இரும்புக்காரருக்குக் குடுக்க முன்னால, எந்த எந்திரமா இருந்தாலும் ஒரு தடவை பிள்ளைகளைப் பக்கத்துல வச்சுத் திறந்து பாருங்க. ஒக்கிட முடியலேன்னா பரவாயில்லை, இரும்பு விலை மறுநாளும் அதேதான்.

வண்டி இப்போ நல்லா ஓடுது. போன தை மாசம் அம்மாவை ஏத்திக்கிட்டு பாபநாசம் போயிட்டு வந்தோம், போக வர ஒரு தொந்தரவும் இல்லை. அகஸ்தியர் அருவி ஏத்தத்துல மட்டும் கொஞ்சம் சூடு ஏறிச்சு. ரேடியேட்டர்ல இன்னும் வெள்ளத்து வண்டல் கிடக்கு போல. அடுத்து அதைத்தான் கழட்டணும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஷெட்டுல இருப்பேன். பிள்ளைகளை அனுப்புங்க. ஸ்பானர் செட் இருக்கு, பிரிச்சுப் பழக ஒரு பழைய ஸ்கூட்டர் இன்ஜினும் கிடக்கு. நல்ல சட்டை மட்டும் போட்டு விடாதீங்க.